கழுவெளிக் கரையில் வாய் மூடிய நயினாருக்கு

மண்டியைச் சாத்திய பிறகும் வாயைச் சாத்தத் தெரியாத என் அன்பு மாமா அனந்தராஜ நயினாருக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். ஆவணியில் நீ போனதிலிருந்து அந்தக் கேள்விக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இங்கே நாங்கள் நலம். விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் நான் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலிக்குக் கால் மாற்றினார்கள். என் முழங்கால் வலிக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது மாமா. கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒருவன் நின்று கத்துகிறான், வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் அவன் குடும்பக் கதை முழுவதையும் கேட்கிறார்கள். உனக்கு அந்தக் கூண்டே தேவைப்பட்டிருக்காது. நீ மண்டியில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே அச்சிறுபாக்கத்தில் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் உன்னை மாமா என்று சொல்வதைக் கேட்டு ஆபீஸில் எல்லோரும் ஏதோ பெண் கொடுத்து எடுத்த உறவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ ஜைனன். நான் கேப்பையும் நெல்லும் போடுகிற குடியானவன் வீட்டுப் பிள்ளை. உறவு எங்கிருந்து வரும்? ஒரே பெஞ்சில் வாடா போடா என்று வளர்ந்தவர்கள் நாம். உன் கல்யாணத்தன்று பத்மா அக்கா மாலையும் கழுத்துமாக என்னைப் பார்த்து, "தம்பி, சாப்டீங்களா?" என்று கேட்டாள். அந்த நிமிஷம் நான் அவளுக்குத் தம்பியானேன். அவளுக்குத் தம்பி என்றால் உனக்கு மச்சான், எனக்கு நீ மாமா. சாப்பிட்டேனா என்று கேட்ட ஒரு கேள்வியில் இத்தனையும் நடந்து முடிந்துவிட்டது.

போன வாரம் கழுவெளி ஏரிக்குப் போயிருந்தேன். ஐப்பசி பிறந்துவிட்டதே, போகாமல் முடியுமா? இந்தத் தடவை தனியாகப் போனேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நாம் முதல் தடவை போன கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் உன் பக்கத்துக் கதையைத்தானே நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்? இப்போது என் முறை. குறுக்கே பேசாமல் கேள்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் நீ மண்டியிலேயே தலை சுற்றி விழுந்தாய். நல்ல வேளை, மல்லாட்டை (ஆபீஸ் ரசீதில் நான் நிலக்கடலை என்று எழுதுவேனே, அதேதான்) மூட்டையின் மேல் விழுந்ததால் அடி இல்லை. விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலே, "இந்த மூட்ட ஈரம், தனியா எடுத்து வை" என்று நீ சொன்னதாக மூட்டை தூக்குகிறவர்கள் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. பிரஷர் எகிறிக் கிடக்கிறது என்றார். "ரெண்டு நாள் எங்கியாவது போய் ரெஸ்ட் எடுங்க. வியாபாரப் பேச்சே கூடாது. மத்தியானம் தூங்கணும். ஞாயித்துக்கெழம சாயந்தரம் வந்து காட்டுங்க. கொறையலன்னா மண்டிய வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு நீங்க வீட்டோட இருக்க வேண்டியதுதான்" என்றார்.

அந்த வேற யாரோ அதற்குள் வந்தே விட்டான். அக்காவின் சொந்தத் தம்பி, ஆரணியிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தான். தங்கமான பையன், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மல்லாட்டைக்கும் புளியங்கொட்டைக்கும் வித்தியாசம் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கேட்பான். உன் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று அவன் மேஜையைத் தடவிப் பார்த்ததை நீ மண்டியை ஒட்டிய வீட்டுக் கட்டிலில் படுத்தபடி பார்த்தாய். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மண்டியை விட்டு வீட்டோடு இருப்பது என்றால் உனக்கு உயிரோடு இருப்பதாகவே அர்த்தம் இல்லை. அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அதனால்தான் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தம்பி, இங்கியே இருந்தா மண்டிக்கு ஓடிக்கினேதான் இருப்பாரு. நீங்க எங்கியாவது கூட்டிக்கினு போங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்ட வைங்க. தூங்க வைங்க. மல்லாட்டன்னு ஒரு வார்த்த அவரு வாயில வரக் கூடாது. உங்கள நம்பித்தான் அனுப்பறேன்" என்றாள். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

எங்கே போவது? ஊட்டி, ஏற்காடு என்று நான் பெரிதாகச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் எதுக்கு மச்சான்? கழுவெளி இருக்குது. ஐப்பசில தண்ணி ரொம்பிக் கெடக்கும். காத்து வரும். தெரிஞ்ச எடம்" என்றாய். நானும் சரி என்றேன். தெரிந்த இடம் என்பதுதான் ஆபத்து என்பது என் புத்திக்கு எட்டவில்லை. கழுவெளியைச் சுற்றி மல்லாட்டை போடுகிறவர்கள் அத்தனை பேரும் உன் மண்டிக்குத்தான் மூட்டை ஏற்றுகிறார்கள். நோயாளியை அழைத்துக்கொண்டுபோய் நான் நோய் விளைகிற இடத்திலேயே இறக்கியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை மரக்காணம் பஸ்ஸிலிருந்து இறங்குகிறோம். உன் ஒரு கால் இன்னும் படியில் இருக்கிறது. "நயினார் வந்துட்டாருடோய்!" என்று ஒரு குரல். அறுவடைக் காலம், நடுவில் மழை, காய் காயவில்லை, அவரவருக்கு அவரவர் கவலை. ஒருவர் கையைப் பிடித்துத் தன் களத்துக்கு இழுத்தார். இன்னொருவர் உன் பையைப் பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். பையில்தான் உன் மாத்திரை இருந்தது.

நீயாவது மாட்டேன் என்று சொன்னாயா? குவியலைப் பார்த்ததும் உனக்குக் கண் மின்னியது. ஒரு காயை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினாய். உள்ளே பருப்பு கலகலவென்றால் காய்ந்தது, சத்தம் வராவிட்டால் ஈரம். அவ்வளவுதான் உன் வித்தை. அதை வைத்துக்கொண்டு களத்துக்குக் களம் போய்ச் சண்டை போட்டாய். "இது காஞ்ச காயா? புழிஞ்சா தண்ணி வரும்யா!" என்று நீ போட்ட சத்தத்தில் ஏரியில் இருந்த நாரையெல்லாம் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, இவன் போக மாட்டான் என்று தெரிந்துகொண்டு அக்கரைக்குப் போய்விட்டன. உன் காது மடல் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டாக்டர் முகத்தையும், அவர் பின்னால் நிற்கப்போகிற ஆரணித் தம்பியையும் நினைத்து நான் உன் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

மத்தியானம் ஏழுமலை வீட்டில் சாப்பாடு. நமக்குத் தங்க இடம் கொடுத்தவன் அவன்தான். ஏரியோரம் அவன் பம்பு செட்டு மோட்டார் கொட்டகை, அதில் இரண்டு கயிற்றுக் கட்டில். அவன் பெண்சாதி அஞ்சலை உனக்காக வெங்காயம் பூண்டு இல்லாமல் கீரை கடைந்து, கேப்பைக் களி கிண்டியிருந்தாள். மண்ணுக்குள் விளைகிற வெங்காயத்தைத் தொடமாட்டாய், மண்ணுக்குள் விளைகிற மல்லாட்டையைக் கொட்டிக்கொட்டித் தின்பாய். கேட்டால், "அது கெழங்கு இல்ல மச்சான், கொட்ட" என்பாய். இலைக்கு முன்னால் நீ உட்கார, உன்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிடி மல்லாட்டை.

நீ ஒரு பெரிய உருண்டைக் களியை வாயில் போட்டாய். களி வாய்க்குள் போய்விட்டால் உடனே விழுங்கவும் முடியாது, பேசவும் முடியாது. எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நயினாரு இந்த நிமிஷத்துலேர்ந்து மௌன விரதம். நாளைக்குப் பொழுது சாயற வரிக்கும் ஒரு வார்த்த பேச மாட்டாரு."

 பதினைந்து பேரும் ஒன்றாகக் கை குவித்தார்கள். ஒரு கிழவி தடாலென்று உன் காலில் விழுந்தாள். உங்கள் சாமியார்கள் பேசாமல் நோன்பு இருப்பதைப் பற்றி மேல்சித்தாமூர் ஜைன மடத்துப் பக்கத்திலிருந்து கதை கதையாகக் கேட்டவர்கள் அவர்கள். நீ களியை விழுங்கி முடிப்பதற்குள் உன் முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் என்ன செய்வாய்? 'நான் மௌன விரதம் இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தால், விரதத்தை முறித்தவன் என்று ஆகிவிடும். வேறு யாராக இருந்தாலும் முறித்திருப்பான். நீ முறிக்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். குடிக்கிற தண்ணீரைக்கூட உயிர் எதுவும் சாகக்கூடாதென்று வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறவன் நீ. உன் பேரில் நான் விட்ட பொய்யைக்கூட நீ உண்மையாக்கித்தான் தீருவாய்.

சரி, தொல்லை விட்டது, இனிமேல் ஓய்வு என்று நான் உன்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தேன். வெளியே வந்து பார்த்தால் வரிசை நிற்கிறது.

"இன்னாய்யா இது? அவரு பேச மாட்டாருன்னு சொன்னேன் இல்ல?" என்று கத்தினேன்.

ஏழுமலைதான் வரிசையில் முதல் ஆள். "அவருதான பேசக் கூடாது? நாங்க பேசலாம் இல்ல?" என்றான்.

 பார்சல் ஆபீஸில் எத்தனையோ விதமான வாக்குவாதத்தைச் சமாளித்தவன் நான். அன்றைக்கு நகர்ந்து வழி விட்டேன்.

ஏழுமலை உள்ளே வந்து உன் காலடியில் உட்கார்ந்து, மல்லாட்டையைப் பற்றித்தான் ஆரம்பித்தான். ஆனால் நீ விலை சொல்லவில்லை, சண்டைக்கு வரவில்லை. எதிர்ப்பேச்சு இல்லாத வியாபாரம் எவ்வளவு நேரம் ஓடும்? கொஞ்ச நேரத்தில் அவன் மல்லாட்டையை விட்டுவிட்டுத் தன் அப்பனுக்குக் கண் தெரியாமல் போனதைச் சொன்னான். நீ ஆறுதல் சொல்ல வாயைத் திறக்கப் போய், மூடிக்கொண்டாய். கை பழக்கத்தில் ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டினாய். 'சொல்லு, கேக்கறேன்' என்று நீ சொன்னதாக அவன் எடுத்துக்கொண்டான். அவன் கண் கலங்கிவிட்டது.

அவன் போனதும் அஞ்சலை வந்தாள். அவள் சொன்னது முழுக்க ஏழுமலையைப் பற்றி. வாசலிலேயே நின்று ஏழுமலை அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் மருமகள் வந்தாள், மருமகளைப் பற்றி மாமியார் வந்தாள். வலை கிழிந்த ஒருவர், மாடு காணாமல் போன ஒருவர். ஒரு வேப்பமரத்துக்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் வந்து உன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். நீ இந்தக் காதோரம் ஒரு தடவை, அந்தக் காதோரம் ஒரு தடவை ஆட்டினாய். நயினார் தன் பக்கம்தான் என்று இருவரும் சந்தோஷமாக எழுந்து, வழியில் தங்களை அறியாமல் பேசிக்கொண்டே போனார்கள்.

அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விறகு நனைந்துவிட்டதால் அஞ்சலைக்குச் சாம்பார் ஆக நேரமாகிவிட்டது. பொழுது சாய்ந்தால் உங்கள் ஜைன வழக்கப்படி நீ ஒரு பருக்கை தொடமாட்டாய். வானம் முழுக்க மேகம். சூரியன் இருக்கிறதா, விழுந்துவிட்டதா, யாருக்குத் தெரியும்? இலை போட்டாயிற்று, சோறு ஆவி பறக்கிறது, நீ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

"பொழுது இருக்குது, நயினாரே, சாப்புடுங்க" என்றாள் அஞ்சலை.

"கோழி அடஞ்சிருச்சே?" என்றார் ஒருவர்.

"கோழி மழைக்குக் கூடத்தான் அடையும். அதப் போய் கேட்டுக்கினு."

ரேடியோவைத் திருப்பினால் பேட்டரி செத்துக் கிடந்தது. என் கடிகாரம் காலையில் நனைந்ததோடு நின்றிருந்தது. ஊரே உன் இலையைச் சுற்றி நின்று மேகத்தை அண்ணாந்து பார்த்தது. மற்ற நாளாக இருந்தால் நீ ஒரு அதட்டுப் போட்டு முடித்திருப்பாய். நீயோ வாசல் வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்து, ரேகை தெரிகிற அளவுக்காவது பொழுது இருக்கிறதா என்று பார்த்தாய். கிட்டே கொண்டுவந்து பார்த்தாய். பிறகு இலையை மெல்ல நகர்த்திவிட்டு, அஞ்சலையைப் பார்த்துச் சிரித்தாய். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

எனக்குக் கழுவெளி இறால் தனியாக வறுத்து வைத்திருந்தார்கள். ஊரே உனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எப்படித் தின்பது? வாழ்க்கையில் அவ்வளவு வெட்கத்தோடு நான் எதையும் தின்றதில்லை மாமா. ஆனாலும் தின்றேன். நல்ல ருசி.

மறுநாள் விடிந்ததும் ஊர் பழி தீர்த்துக்கொண்டது. ராத்திரி நயினார் பட்டினி கிடந்தார் என்று வீட்டுக்கு வீடு இட்லி, புட்டு, கொழுக்கட்டை என்று வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் இல்லை. கையை ஆட்டினால் இன்னும் ஒன்று வை என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். தின்று தின்று, அந்த மாடு காணாமல் போனவர் தன் கதையைத் திரும்ப ஆரம்பிக்கும்போது நீ உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாய். அவர் எழுந்து போகவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு சொல்லி முடித்தார். அக்கா கேட்ட தூக்கம் அப்படித்தான் வந்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நாம் இருவர் மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டிருந்தது. கூழைக்கடாப் பறவை ஒன்று தனியாக மிதந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நானும் சொன்னேன்.

"எல்லாரும் சொல்லிட்டாங்க, நானும் ஒண்ணு சொல்லிக்கறேன். நீ உழுந்துட்டன்னு ஆளு வந்து சொன்னான் பாரு, விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் வர்ற வரிக்கும் அந்த பஸ்ல எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. நீ பூட்டினா நான் யார்கிட்ட மாமா பேசறது? எனக்கு வேற ஆளு இல்ல."

எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருக்கிற நீ அன்றைக்கு மாட்டிக்கொண்டாய்.  சட்டைப் பையிலிருந்து ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டினாய். சத்தம் வரவில்லை. ஏழுமலை களத்துக் காய், ஈரம். இன்னொரு தடவை ஆட்டினாய். அப்போதும் இல்லை. இருவரும் சிரித்துவிட்டோம், நீ சத்தம் வராமல், நான் சத்தமாக.

பொழுதோடு திண்டிவனம் வந்து சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டில் நான் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று உன்னை வீட்டுக்கு முன்னால் அனுப்பினேன். அங்கேதான் வினை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, அதனால் நீ பேசமாட்டாய். கதவைத் திறந்த அக்காவுக்கு அது தெரியுமா?

"வந்துட்டீங்களா? ஒடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டிருக்கிறாள். நீ சிரித்திருக்கிறாய். "இன்னா, வாயத் தொறந்து சொன்னா இன்னா?" என்று அவள் கேட்க, நீ ஊரில் பழகிய பழக்கத்தில் காதோரம் கையை வைத்து ஆட்டியிருக்கிறாய். பிரஷர்காரன் வாயைத் திறக்கவில்லை, கை வேறு ஆடுகிறது. அக்கா போட்ட கூச்சல் டீக்கடை வரைக்கும் கேட்டது.

"ஐயோ, வாய் உழுந்துருச்சே! கை இழுத்துக்குதே!"

நான் ஓடி வருவதற்குள் ஆரணித் தம்பி உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான். நீ தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மேற்குப் பக்கம் சூரியனைக் கை காட்டிக்கொண்டே போனாய். பின்னால் அக்கா, அவள் பின்னால் தெரு, எல்லோருக்கும் பின்னால் நான், "மௌன விரதம்! மௌன விரதம்!" என்று கத்திக்கொண்டு. வழியில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

டாக்டர் உன்னைப் பேசச் சொன்னார். நீ ஜன்னலைப் பார்த்தாய். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினாய். முழங்காலில் சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். உன் கால் எகிறி, கவலையோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஆரணித் தம்பியின் தாடையில் விழுந்தது. அது தானாக எகிறியதா, நீயாக விட்டதா என்று கடைசி வரைக்கும் நீ எனக்குச் சொல்லவில்லை.

அதற்குள் நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். டாக்டர் பிரஷர் பார்க்கும் பட்டையை உன் கையில் சுற்றினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். காற்றடித்தார், விட்டார். முகத்தைச் சுளித்தார். மறுபடி காற்றடித்தார். பட்டையைக் கழற்றி மற்றக் கையில் சுற்றினார்.

"இன்னா மாத்திர போட்டீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"மாத்திர ஒண்ணும் இல்ல சார். வாய மூடி வச்சேன், அவ்ளோதான்."

"எறங்கிடுச்சு. மண்டிக்குப் போகலாம். ஆனா கத்தக் கூடாது."

அக்கா அப்படியே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள். ஆரணித் தம்பி தாடையைத் தடவிக்கொண்டே, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தான். நீ ஜன்னல் பக்கம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாய். ரேகை தெரியவில்லை. எல்லோரும் உன் வாயையே பார்த்தோம். அக்கா பெயரைச் சொல்வாயோ, கடவுள் பெயரைச் சொல்வாயோ என்று நான் காத்திருந்தேன்.

"மச்சான், அந்த ஏழுமல காய் இன்னும் ரெண்டு நாள் வெயில்ல கெடக்கணும்" என்றாய்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அழுதாள். உன் பையில் சத்தம் போடாமல் இருந்த அந்தக் காயைத்தான் நீ சொன்னாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் போனோமே, ஒரு வருஷமாவது ஓய்வெடுத்தாயா? "நயினாரு வாய மூடிக்கினு வந்துட்டாரு" என்று ஊருக்குள் சேதி போகும், வரிசை நிற்கும். நீ ஒரு காயோடு உட்கார்ந்துவிடுவாய். வீட்டில் அக்கா தன் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னைப் பேசவிடாமல் பார்த்தாள். அது நடக்கவில்லை. அந்த ஒன்றரை நாள் மௌனம் கழுவெளித் தண்ணீர் கண்ணில் பட்டால்தான் உனக்கு வரும்.

இப்போது மண்டியில் ஆரணித் தம்பிதான் உட்காருகிறான். கோபப்படாதே. நல்லபடி பார்த்துக்கொள்கிறான், அக்காவையும் நன்றாக வைத்திருக்கிறான். காயைக் காதோரம் ஆட்டக்கூடக் கற்றுக்கொண்டுவிட்டான். ஆனால் ஒரு காயை ஆட்டினால் போதும் என்று சொன்னால் கேட்காமல் கை நிறைய அள்ளி ஆட்டுகிறான். எந்தக் காய் பேசுகிறது என்று எப்படித் தெரியும்?

ஆவணியில் ஒரு மத்தியானம் நீ படுத்தாய். தூங்காத மனுஷன் தூங்குகிறாரே, எழுப்ப வேண்டாம் என்று அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். அவ்வளவுதான் மாமா. சேதி கேட்டுக் கழுவெளிக்காரர்கள் லாரி பிடித்து வந்தார்கள். மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இவர்கள் ஒவ்வொருவராக உன் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். மாட்டுக்காரர் மாடு கன்று போட்டதைச் சொன்னார். ஏழுமலை தன் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருப்பதைச் சொன்னான். உங்கள் சொந்தக்காரர்கள் இதென்ன கூத்து என்று முறைத்தார்கள். விடுங்கள், அவர் கேட்பார் என்று அக்காதான் சொன்னாள். நான் பேசவில்லை. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் போன வாரம் தனியாகப் போனேன். மோட்டார் கொட்டகையில் இரண்டு கட்டிலையும் போட்டு வைத்திருந்தாள் அஞ்சலை. ஒன்று போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பையை அதில் படுக்க வைத்தேன். இந்த வருஷம் மழை தள்ளிப்போனதால் காய் நன்றாகக் காய்ந்திருக்கிறது. அக்காவுக்கு என்று ஏழுமலை ஒரு பை கட்டிக் கொடுத்தான்.

சாயங்காலம் நாம் உட்கார்ந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தேன். நீ போய்விட்டால் நான் யாரிடம் பேசுவது என்று கேட்டேன் அல்லவா, அதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை என்று தண்ணீரைப் பார்த்துச் சத்தமாகவே சண்டை போட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா, மறைக்க என்ன இருக்கிறது? மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பையிலிருந்து ஒரு காயை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினேன்.

கலகலவென்றது.

அப்புறம் நான் நிறுத்தவில்லை. எஸ்.டி.டி. பூத்து, என் பெரியவனுக்கு வேலை கிடைக்காதது, முழங்கால் வலி, எல்லாம் சொன்னேன். நாரையெல்லாம் எழும்பி அக்கரைக்குப் போய்விட்டன. அஞ்சலை சாப்பிடக் கூப்பிட்டாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன், ரேகை தெரிந்தது. வெங்காயம் போடாத சாம்பாரை வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தேன். இறாலை மத்தியானமே முடித்துவிட்டேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

ஒவ்வொரு ஐப்பசியிலும் வருவேன் மாமா. முழங்கால் விடாவிட்டால் ஆரணித் தம்பியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்வேன், அவனுக்குப் பழக்கம்தான். அன்று பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை தொடமாட்டேன். நீ உன் விரதத்தை முறிக்க வேண்டாம். பேசுவது என் பொறுப்பு.

சாப்பிட்டேனா என்று கேட்ட ஒரே கேள்வியில் உனக்கு உறவாகிப்போன,
உன் மச்சான் கோவிந்தன்,
விழுப்புரம்.